இறவைக் கிணறுகளில் பம்பு அமைத்தல்
(திருப்பத்தூர் ஜில்லா விவசாயிகளின் கவனத்திற்கு)

ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் இடைப்பட்ட திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் நாடுகளில் நிலத்தின் விளைவு பெரும்பாலும் கிணற்றையே நம்பியிருக்கிறது. பாலாற்றில் வெள்ளம் வரும் நாட்கள் சில. ஏரிகள் நிரம்பும் ஆண்டுகளும் சில. நெல்லாயினும் நிலக்கடலையாயினும் தென்னையாயினும் கரும்பாயினும், தை மாதத்திற்குப் பின் பயிரைக் காப்பது கிணற்று நீரே. ஆகையால் அந்நீரை மேலே கொணரும் பம்பு பழுதின்றி இயங்குவது குடும்பத்தின் ஜீவனத்தைப் பொறுத்த விஷயமாகும்.

விவசாயிகள் பம்பு வாங்கும்போது நல்ல பம்பாகப் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் அதைக் கிணற்றில் அமைப்பதிலும் குழாய்களை இணைப்பதிலும் அத்தனை கவனம் செலுத்துவதில்லை. கைக்கு அகப்பட்ட குழாயை மாட்டி, கிடைத்த இடத்தில் பம்பை வைத்து, தண்ணீர் வந்தவுடன் வேலை முடிந்ததென்று கருதுகிறார்கள். பிறகு கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் பம்பு நீரெடுக்க மறுக்கிறது. கடலை விழுது இறங்கும் வாரத்தில் பாத்தி காய்கிறது. அப்பொழுது பழி பம்பின்மேல் விழுகிறது. உண்மையில் இத்தகைய குறைகளிற் பெரும்பாலானவை பம்பிற்கும் நீருக்கும் இடையிலுள்ள குழாயிலேயே இருக்கின்றன. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கவலையும் பம்பும்

முற்காலத்தில் இப்பகுதியின் கிணறுகளில் ஏற்றமும் கவலையும் நீர் இறைத்தன. கவலைக்கு இரண்டு எருதுகளும், தோலால் தைத்த பையும் துதிக்கையும், வடமும் வேண்டும். நீரில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் அத்தோல் விரைவிற் கெட்டுப்போகும். சென்னைப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராயிருந்த ஆல்பிரெட் சாட்டர்டன், 1903-ஆம் ஆண்டையொட்டிச் சென்னைக் கலைப்பள்ளியில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். நீரைத் தாங்கும் அத்தோலைக் கவலைப் பைகளுக்கு உபயோகிப்பதும் அவர் கருத்துக்களில் ஒன்று. தோலுக்குப் பேர்போன நமது ஜில்லாவிற்கு இச்செய்தி நினைவுகூரத் தக்கது.

அவரே அதே ஆண்டுகளில், எண்ணெய் இஞ்சினால் ஓடும் மையவிலக்குப் பம்பைக் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் சோதனைகளையும் நடத்தினார். செங்கற்பட்டு ஜில்லா மெல்ரோசாபுரம் பண்ணை அச்சோதனைகள் நடந்த இடங்களுள் ஒன்றாகும். பின்னர் 1932-இல் பைகாராவிலும் 1937-இல் மேட்டூரிலும் மின்சார உற்பத்தி தொடங்கிற்று. நாளடைவில் மின்கம்பிகள் சிற்றூர்களுக்கும் வந்தன. கவலை மறைந்தது, மோட்டார் பம்பு எங்கும் பரவிற்று.

பம்பு பரவியதனால் வந்த கவலையையும் மறைத்தற்கில்லை. 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த அறிஞர்கள் அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவின் சிற்றூர்களிற் செய்த ஆராய்ச்சி, பி. எச். பார்மர் பதிப்பித்த நூலாக 1977-இல் வெளிவந்தது. நிலத்தடி நீர் ஊறுவதைவிட மிகுதியாக இறைக்கப்படுகிறதோ என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுப்பப்பட்டது. ஆதலால் பம்பு அமைப்போர் முதலில் அறியவேண்டியது பம்பின் பலத்தையன்று, கிணற்றின் பலத்தையே.

கிணற்றின் ஊற்றை அளத்தல்

இதற்குக் கருவி யாதும் வேண்டுவதில்லை. அடிக்கோலும் கடிகாரமும் போதும். சித்திரை, வைகாசியில் நீரை வழக்கமாக இறைக்கும் மட்டம் வரை இறைத்து நிறுத்துக. சுவரில் ஒரு குறியிட்டு, ஒரு மணி நேரத்தில் நீர் எவ்வளவு ஏறுகிறதென்று அளக்க.

உதாரணமாக, 20 அடிக்கு 20 அடி சதுரக் கிணற்றில் ஒரு மணிக்கு ஓர் அடி நீர் ஏறுகிறதென்று கொள்வோம். அது 400 கன அடி. கன அடி ஒன்றுக்கு 28.3 லிட்டர் வீதம் ஏறக்குறைய 11,300 லிட்டர். அதாவது விநாடிக்கு 3 லிட்டருக்குச் சற்று மேல். இக்கிணற்றில் விநாடிக்கு 6 லிட்டர் இறைக்கும் பம்பை வைத்தால், மட்டம் மணிக்குச் சுமார் ஓர் அடி வீதம் இறங்கும். எடுக்கத்தக்க நீர் 5 அடி இருந்தால் பம்பு 5 மணி நேரம் ஓடும். அதே கிணற்றில் விநாடிக்கு 18 லிட்டர் இறைக்கும் பெரிய பம்பை வைத்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நீர் தீர்ந்து பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கும். பெரிய மோட்டார் ஊற்றைப் பெரிதாக்காது. கிணறு ஒரு நாளில் தரும் நீர் கிட்டத்தட்ட ஒன்றே; அதைப் பெறுவதற்குச் செலவிட்ட பணந்தான் வேறு.

விநாடிக்கு 6 லிட்டர் சிறிதென்று எண்ணவேண்டாம். ஆறு மணி நேரம் ஓடினால் அது 1,29,600 லிட்டர். வாய்க்காலில் வீணாகாதாயின், ஓர் ஏக்கர் முழுவதும் ஒன்றேகால் அங்குல உயரம் நிற்கும் நீர் அது.

மோட்டாரின் குதிரைத் திறனை அறியும் வழி எளிது. விநாடிக்கு இத்தனை லிட்டர் என்பதை, ஏற்றவேண்டிய மொத்த உயரத்தின் மீட்டரால் பெருக்கி, 75-ஆல் வகுக்க. வருவது நீருக்கு வேண்டிய குதிரைத் திறன். மொத்த உயரம் என்பது, இறைக்கும்போது நீர் நிற்கும் மட்டத்திலிருந்து வாய்க்கால் வரையுள்ள செங்குத்து உயரத்தோடு, குழாய்களின் உராய்வுக்கு ஈடான உயரத்தையும் கூட்டியதாகும். செங்குத்து உயரம் 12 மீட்டர், உராய்வு 3 மீட்டர் எனில் மொத்தம் 15. ஆறைப் பதினைந்தால் பெருக்கி 75-ஆல் வகுக்க 1.2 வரும். பம்பு பாதித் திறமையோடு வேலை செய்கிறதென்று கொண்டால் 2.4 வேண்டும், ஆகவே 3 குதிரைத் திறன் மோட்டார் போதுமானது.

பம்பு நீரை இழுப்பதில்லை

மையவிலக்குப் பம்பினுள்ளே இம்பெல்லர் என்னும் சுழலி மிக விரைவாகச் சுழன்று, நடுவிலுள்ள நீரை ஓரத்திற்கு வீசி எறிகிறது. அதனால் நடுவிடம் வெறுமையடைகிறது. அவ்வெறுமையை நிரப்பக் கிணற்று நீர் ஏறிவருகிறது. அதை மேலே ஏற்றுவது எது? கிணற்று நீரின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்றின் பாரமேயாகும். பம்பு இடத்தைக் காலி செய்கிறது. காற்று நீரைத் தள்ளுகிறது.

காற்றின் அப்பாரத்திற்கோ ஓர் எல்லை உண்டு. கடல் மட்டத்தில் அது நீரை 34 அடிக்கு மேல் தூக்கமாட்டாது. திருப்பத்தூர் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 1,250 அடி உயரத்தில் இருப்பதால், இங்கே சுமார் ஒன்றரை அடி குறையும். குழாயின் உராய்வு, வளைவுகள், புட்வால்வின் தடை, வெயிலில் நீர் ஆவியாகும் தன்மை ஆகியவை மேலும் பலவற்றைக் கழித்துவிடும். ஆகையால் நீர்மட்டத்திற்கும் பம்பின் நடுவிற்கும் உள்ள செங்குத்து உயரம் 15 அடிக்குள் இருப்பது உத்தமம். எக்காரணங்கொண்டும் 20 அடியைத் தாண்டலாகாது. இவ்வுயரத்தைக் கார்த்திகை மாத நீர்மட்டத்திலிருந்து அளந்து ஏமாறலாகாது; கோடையில் இறைப்பு நடக்கும்போது நீர் தாழ்ந்து நிற்கும் மட்டத்திலிருந்தே அளக்கவேண்டும்.

இதனின்றும் பெறப்படுவது: பம்பைக் கிணற்று மேட்டில் வைப்பதைவிட, கிணற்றினுள்ளே பாறையிற் செதுக்கிய திட்டிலோ இரும்பு உத்தரங்களின்மேலோ நீருக்கு அருகில் வைப்பதே நல்லது. மேலே தள்ளுவதற்குப் பம்பு அஞ்சாது; கீழிருந்து உறிஞ்சுவதற்கே அஞ்சும். மாரியில் நீர் ஏறினால் பம்பு மூழ்குமாயின், அதை உயர்த்தி வைக்க இரண்டாவது திட்டு ஒன்றும் இருத்தல் வேண்டும். நீர்மட்டம் ஆண்டிற்குள் 20 அடிக்கு மேல் ஏறி இறங்கும் கிணறுகளுக்கு, நீருக்குள்ளேயே இயங்கும் திறந்த கிணற்று நீர்மூழ்கிப் பம்பே ஏற்றது. அதற்கு உறிஞ்சு குழாயும் வேண்டா, புட்வால்வும் வேண்டா.

ஓர் எச்சரிக்கை: டீசல் இஞ்சினை மட்டும் கிணற்றினுள் இறக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. கிணற்றில் அது தேங்கி, இறங்கியவரை மயக்கிக் கொன்றுவிடும். விளக்கை இறக்கிப் பார்ப்பது காற்றின் குறைவைக் காட்டுமேயன்றி இந்நச்சுவாயுவைக் காட்டாது. மயங்கியவரைக் காப்பாற்ற எண்ணிப் பின்னால் இறங்கியவர்களும் உடன் மாண்டுபோவது இவ்விபத்தின் கொடுமை. இஞ்சின் மேலேயே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

உறிஞ்சு குழாய்

அமைப்பு முழுவதிலும் மிகுந்த கவனத்திற்குரியது இதுவே. இதற்குரிய விதிகள் பின்வருமாறு:

1. குழாய் குட்டையாகவும் நேராகவும் இருத்தல் வேண்டும். திருப்பம் தவிர்க்க முடியாதாயின், கூரிய எல்போவுக்குப் பதிலாக நீண்ட வளைவுள்ள பெண்டு ஒன்றை உபயோகிக்கவும்.

2. வெளியேற்று குழாயைவிட இது ஓர் அளவு பெரிதாயிருத்தல் நன்று. விநாடிக்கு 6 லிட்டருக்கு உறிஞ்சு குழாய் 4 அங்குலம், வெளியேற்று குழாய் 3 அங்குலம் என்று கொள்ளலாம். பம்பின் வாய் சிறிதாயிருப்பதைக் கொண்டு குழாயையும் சிறிதாக்குவது தவறு.

3. படுக்கையாகச் செல்லும் பகுதி, நீரிலிருந்து பம்பை நோக்கிச் சிறிது சிறிதாக உயர்ந்துகொண்டே செல்லவேண்டும். இடையில் ஒரு மேடு இருந்தால் அங்கே காற்று தங்கி நீரோட்டத்தை அடைத்துவிடும். குழாய் அளவு குறுகும் இடத்தில் போடும் ரெடியூசர், மேற்பக்கம் தட்டையாகவும் கீழ்ப்பக்கம் சரிவாகவும் உள்ள வகையாயிருத்தல் வேண்டும். இருபக்கமும் சரிந்த வகையில் மேற்புறம் காற்று சேரும்.

4. புட்வால்வு, மிகத் தாழ்ந்த நீர்மட்டத்திற்குக் குறைந்தது 3 அடி கீழே மூழ்கியிருக்கவும், கிணற்றுத் தரைக்கு ஒன்று அல்லது ஒன்றரை அடி மேலே தொங்கவும் வேண்டும். மூழ்குவது குறைந்தால் நீர் சுழித்துக் காற்றை உள்ளிழுக்கும். தரையைத் தொட்டால் சேறும் மணலும் ஏறும். பாலாற்றங்கரை மணற்கிணறுகளில் இதைத் தவறாது கவனிக்கவேண்டும். மணல் சுழலியை அராவிக் கெடுத்துவிடும். சல்லடையின் துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் பரப்பைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கட்டும்.

5. ஒவ்வொரு மூட்டும் காற்றுப் புகாததாயிருத்தல் வேண்டும். வெளியேற்று குழாயில் ஒழுகினால் நீர் வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சு குழாயிலோ நீர் வெளிவராது, காற்று உள்ளே போகும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே குழாய்களை மாட்டியவுடன் பம்பின் மேல்வாய் வரை நீர் நிரப்பி, அரைமணி நேரம் விட்டுப் பார்க்கவேண்டும். மட்டம் இறங்கினால் புட்வால்விலோ மூட்டிலோ கசிவு உண்டு. புட்வால்வின் நாக்கு தோலாயினும் ரப்பராயினும், தேய்ந்ததை உடனே மாற்றவேண்டும்.

6. குழாயின் பாரம் பம்பின்மேல் தொங்கலாகாது. தனித் தாங்கிகள் வைக்கவேண்டும். மெல்லிய வளைகுழாய்களை இதற்கு உபயோகிக்கலாகாது. உள்ளே வெறுமை உண்டானதும் அவை சப்பிப்போகும்.

வெளியேற்று குழாய்

இங்கே விவசாயிகள் செய்யும் தவறு, செலவைக் குறைக்கக் குறுகிய குழாயை வாங்குவது. குழாயின் விட்டம் சிறிது குறைந்தாலும் உராய்வு பன்மடங்கு மிகும். விநாடிக்கு 6 லிட்டர் நீர், 100 மீட்டர் நீளமுள்ள 3 அங்குலக் குழாயில் ஓடினால் உராய்வால் இழக்கும் உயரம் ஏறக்குறைய 2 முதல் இரண்டரை மீட்டர். அதே நீரை 2 அங்குலக் குழாயில் செலுத்த முயன்றால் இழப்பு 15 மீட்டருக்கு மேலாகும். இது மேலே உதாரணத்திற் சொன்ன செங்குத்து உயரத்தையும் மிஞ்சியது! அவ்விடத்தில் பம்பு தன் நீரைக் குறைத்துக்கொள்ளுமே தவிர வேறொன்றும் செய்யாது. குழாயில் மிச்சப்படுத்திய பணத்தை ஒவ்வொரு போகத்திலும் நீராக இழக்க நேரும்.

மற்றொரு தவறு, குழாயின் வாயைத் தொட்டிக்கு மேலே நெடுக உயர்த்தி, நீர் அருவிபோல் விழும்படி செய்வது. பார்வைக்கு அது அழகே. ஆயினும் வாய்க்காலுக்கு மேல் 5 அடி உயர்த்திய நீரை அந்த 5 அடிக்கும் மோட்டார் வீணே சுமக்கிறது. குழாயின் வாய் தொட்டியின் நீர்மட்டத்தையொட்டி இருப்பதே சரி. மின்சாரம் இலவசமாகக் கிடைக்கிறதென்பதால் இந்நஷ்டம் கண்ணிற் படுவதில்லை. ஆனால் மின்சாரம் வரும் மணிகள் அளவுபட்டவை. அந்த மணிகளில் எத்தனை குடம் நீர் வந்தது என்பதே கணக்கு.

பம்பை அடுத்து ஒரு கேட் வால்வும், உயரம் மிகுதியாயுள்ள இடங்களில் அதற்கும் பம்புக்கும் இடையே நீர் திரும்பாமல் தடுக்கும் வால்வும் இருத்தல் வேண்டும். மின்சாரம் திடீரென நிற்கும்போது மேலிருந்து திரும்பும் நீரின் அடி பம்பையும் புட்வால்வையும் உடைத்துவிடக்கூடும்.

மேடையும் முதல் ஓட்டமும்

பம்பின் மேடை, அதன் அதிர்வைத் தாங்கும் உறுதியான காங்கிரீட்டாக இருக்கட்டும். சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்னும் விகிதம் போதும். போல்ட்டுகளைக் காங்கிரீட்டில் பதித்து, அது நன்கு இறுகும் வரை ஒரு வாரம் நனைத்து வைத்த பின்னரே பம்பை ஏற்றவேண்டும். மோட்டாரும் பம்பும் ஒரே உடலாயுள்ள மோனோபிளாக்கில் அச்சுக்களைச் சரிபார்க்கும் வேலை இல்லை. தனித்தனியாயிருப்பின், கப்ளிங்கின் இரு பாதிகளின்மேல் நேர்க்கோலை நான்கு பக்கமும் வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரியாதபடி நேராக்கவேண்டும். குழாய்களை இறுக்கியபின் மீண்டும் ஒருமுறை பார்ப்பது அவசியம். குழாய் இழுத்து அச்சைக் கோணலாக்குவதுண்டு.

முதலில் பம்பிலும் உறிஞ்சு குழாயிலும் நீர் நிரப்பிக் காற்றை முழுதும் வெளியேற்றுக. வெற்றுப் பம்பை ஓட்டினால் உள்ளுறுப்புக்கள் காய்ந்து கெடும். கேட் வால்வை மூடி மோட்டாரை ஓடவிட்டு, வேகம் ஏறியதும் மெல்லத் திறக்கவும். சுழலும் திசை பம்பின்மேலுள்ள அம்புக்குறிக்கு மாறாயிருந்தால், மின்சாரத்தை நிறுத்தி, மூன்று கம்பிகளில் இரண்டை மின்பணியாளரைக் கொண்டு மாற்றிக்கொள்க. பாக்கிங் கயிறு சுற்றிய கிளாண்டிலிருந்து நீர் துளித்துளியாகச் சொட்டவேண்டும். சொட்டாதபடி இறுக்கினால் அச்சு சூடேறித் தேயும்.

நீரின் அளவைச் சோதிக்க 200 லிட்டர் பீப்பாய் ஒன்று போதும். அது 33 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 6 லிட்டர். இதனைப் பம்பு புதிதாயிருக்கும்போதே குறித்துவைத்து, ஆண்டுக்கொருமுறை ஒப்பிட்டால் பம்பின் ஆரோக்கியம் விளங்கும்.

குறைகளும் பரிகாரமும்

நீரே வராவிட்டால்: பம்பில் நீர் நிரம்பவில்லை, அல்லது புட்வால்வு கசிகிறது, அல்லது நீர்மட்டம் எல்லைக்குக் கீழே போய்விட்டது. வந்து சற்று நேரத்தில் நின்றால்: உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது, அல்லது புட்வால்வு மூழ்கியிருப்பது போதாது. குறைவாக வந்தால்: சல்லடை அடைபட்டிருக்கலாம், சுழலி தேய்ந்திருக்கலாம், திசை மாறியிருக்கலாம். பம்பினுள்ளே கூழாங்கற்கள் உருள்வதுபோல் ஓசை கேட்டால்: உறிஞ்சும் உயரம் மிகுந்து, நீர் உள்ளே ஆவியாகிச் சுழலியைத் தின்றுகொண்டிருக்கிறதென்று அறிந்து, பம்பை நீருக்கு அருகே இறக்கவேண்டும். இவற்றுள் எதற்கும் பெரிய மோட்டார் மருந்தாகாது.

உப்பு நீரும் குழாயும்

தோல் பதனிடும் தொழில் நிறைந்த பாலாற்றங்கரையில் வேறொரு தொல்லையும் உண்டு. கழிவுநீரால் நிலமும் கிணறும் கெட்ட வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் வேலூர்ப் பகுதியைக் குறித்து மீண்டும் தீர்ப்பு வழங்கிற்று. தீர்ப்பு ஒருபுறமிருக்க, கிணற்றின் உப்பு இரும்பைத் தின்னுவது நிற்பதில்லை. இத்தகைய கிணறுகளில் நாகம் பூசிய இரும்புக் குழாய் விரைவில் துளைபடும். அத்துளை உறிஞ்சு குழாயில் விழுந்தால் பம்பு காரணம் தெரியாமல் நின்றுபோகும். பி.வி.சி. அல்லது எச்.டி.பி.இ. குழாய் இங்கே ஏற்றது. வெயில் படும் பகுதியைப் புதைக்கவோ வர்ணம் பூசவோ வேண்டும்.

பம்பு வாங்குமுன் நீரை மண்பரிசோதனை நிலையத்தில் கொடுத்துச் சோதிப்பது நலம். மின்கடத்துந் திறன் 0.7 அலகுக்கு உட்பட்டால் எப்பயிருக்கும் கவலையில்லை. 3 அலகைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்கள் தாங்கா. அத்தகைய நீருக்குப் பம்பு வைத்து நிலத்தைக் கெடுத்துக்கொள்வதைவிட, முன்னரே அறிந்து பயிரை மாற்றுவது அறிவுடைமை.

மின்சாரத்தில் ஜாக்கிரதை

ஈரமும் மின்சாரமும் சேருமிடம் கிணறு. மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த்துக்கள் வேண்டும். ஒன்றின் கம்பி அறுந்தாலும் மற்றொன்று காக்கும். ஸ்டார்ட்டரில் மிகுதி மின்னோட்டத்தையும் ஒரு முனை மின்சாரம் தவறுவதையும் தடுக்கும் அமைப்பு இருக்கவேண்டும். கிணற்றில் இறங்குமுன் மேலேயுள்ள சுவிட்சை நிறுத்தி, பியூசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்குக. மேலே ஒருவர் கயிற்றோடு நிற்கவேண்டும். தனியாக இறங்குவது கூடாது.

கிராம அலுவலர்களுக்கு

2019-இல் திருப்பத்தூர் தனி ஜில்லாவாகியபின், கிராம நிர்வாக அலுவலரின் சான்றைக் கொண்டே விவசாய மின் இணைப்புக்கு மனுச் செய்கிறார்கள். சர்வே எண்ணையும் கிணற்றின் உரிமையையும் எழுதித் தரும் அச்சமயத்திலேயே, கோடை நீர்மட்டத்தையும் ஒரு மணி நேர ஊற்றையும் அளந்தீரா என்று ஒரு கேள்வி கேட்டால், குடியானவர் பெரிய உபகாரத்தைப் பெற்றவராவார். ஐயமுள்ளோரை வேளாண்மைப் பொறியியல் துறைக்கு அனுப்புவதும் அவர்கள் கடமைக்குப் பொருத்தமானதே.

பம்பு ஒரு நாளில் வாங்கப்படுகிறது. குழாய் ஒரு நாளில் மாட்டப்படுகிறது. ஆனால் அதனால் வரும் நன்மையும் தீமையும் பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு உடன்வருகின்றன. ஊற்றை முதலில் அளந்து, பம்பை நீருக்கு அருகில் வைத்து, உறிஞ்சு குழாயைக் குட்டையாகவும் அகலமாகவும் காற்றுப் புகாமலும் அமைத்த விவசாயி, சித்திரை வெயிலிலும் மனக்கலக்கமின்றிச் சுவிட்சைத் தட்டலாம்.